பதவி உயர்வும் 'தெரிஞ்ச ஆளும்'

(மூன்றாம் ஆண்டு மாணவர், அமைப்பியல் துறை)



மலருக்குக் கட்டுரை கேட்டபோது நம் வகுப்பில் பெரும்பாலோர் கான்கிரீட், கம்ப்யூட்டர், மெட்ரோ ரயில் என்று தலைப்பு எடுத்துக்கொண்டார்கள. நான் எடுத்த தலைப்பு சிலபஸில் இல்லை. ஆனால் குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் நாம் தினமும் பேசுகிற விஷயம்தான். கவர்ன்மென்ட் வேலைக்கு அப்ளிகேஷன் போடலாமா என்று ஒருத்தன் வாயைத் திறந்தால் போதும், நாலு பேர் சொல்வார்கள்: "மேல ஆள் இருக்கா? ஆள் இல்லாம எப்பிடிடா?" வேலை கிடைத்த பிறகும் இதே பேச்சுதான். "அவருக்கு செக்ரட்டேரியட்ல ஆள் இருக்கு, அதான் சீக்கிரம் மேல போயிட்டாரு."

இது எவ்வளவு தூரம் உண்மை? 'ஆள்' எந்த இடத்தில் வேலை செய்கிறார், எந்த இடத்தில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது? இதைத்தான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பொழுதுபோகாமல் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். சொந்தத்தில் ஆபீஸ் பியூன்கூடக் கிடையாது. பஸ் ஸ்டாப் பேச்சு முழு உண்மை என்றால், டிப்ளமோ வாங்கின கையோடு நானும் அப்பா பின்னாடி சைட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

சைட் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. அந்தத் தொழிலில் எல்லாமே மேஸ்திரிதான். யாருக்கு நாளைக்கு வேலை, கையாளாக இருந்தவன் எப்போது கரண்டி பிடிப்பான், எல்லாம் அவர் வாய்ச்சொல். மேஸ்திரி தன் மச்சானைக் கூட்டிவந்தால் யாரும் ஏன் என்று கேட்க முடியாது. ஆனால் மச்சானுக்குத் தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியவில்லை என்றால் ஒரே வாரத்தில் சுவர் காட்டிக் கொடுத்துவிடும். இடித்துக் கட்டுகிற செலவு மேஸ்திரி தலையில். அதனால் மச்சானைச் சேர்த்துக்கொண்டாலும் தூக்குக்குண்டை வேறு ஆள் கையில்தான் கொடுப்பார்.

அரசாங்கத்தில் அப்படி இல்லை. தெரிந்தவர் என்று ஒருவரைத் தூக்கி மேலே வைத்த அதிகாரிக்குச் சொந்தக் காசு ஒரு பைசா போகாது. சுவர் சாய்வதற்குப் பல வருஷம் ஆகும். அதற்குள் அவரே ரிட்டயர் ஆகியிருப்பார். நஷ்டம் ஊருக்கு. சிபாரிசு என்பது மனுஷ சுபாவம், சைட்டிலும் உண்டு, ஆபீஸிலும் உண்டு. நஷ்டம் யாருக்கு என்பதில்தான் வித்தியாசம்.

உத்திரமேரூர் கல்வெட்டு

பள்ளிக்கூடத்தில் குடவோலை முறை என்று படித்திருக்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் உத்திரமேரூரில் வெட்டிய கல்வெட்டுகள். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அதோடு நிறுத்திவிட்டோம். ஆனால் அந்தக் கல்வெட்டில் பெரிய விஷயமே, யார் பேரைக் குடத்தில் போடக் கூடாது என்கிற பகுதிதான்.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக் கூடாது. அவர் மட்டுமா? அவருடைய அப்பா, மகன், கூடப் பிறந்தவர், மாமனார், மச்சான், மருமகன், அக்கா தங்கை புருஷன், அவர்கள் பிள்ளைகள், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்று உறவு உறவாக எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தபோது எங்கள் தெருக் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பகுதியைப் படிக்கிற மாதிரி இருந்தது! பதவியில் இருந்தவர் மூன்று வருஷம் கழித்துத்தான் மறுபடி வரலாம் என்றும் இருக்கிறது.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே 'ஆள்' பிரச்சினை இருந்திருக்கிறது. இல்லாத வியாதிக்கு யாரும் மருந்து எழுதி வைக்க மாட்டார்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தக் குடத்தில் பேர் போட வரி கட்டுகிற கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். நம்ம மாதிரி வீட்டுப் பையன் பேர் குடத்துப் பக்கமே போயிருக்காது.

இன்னொரு கதை நமக்கு ரொம்பப் பக்கம். நம்ம ஸ்டாப்பில் பஸ் ஏறி மாங்காடு வழியாகப் போனால் குன்றத்தூர். சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பெரிய புராணம் பாடிய கவிஞர் மட்டுமல்ல, இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்த அதிகாரி. சேக்கிழார் புராணம் என்ன சொல்கிறது தெரியுமா? அவர் பதவியை விட்டு சிவத்தொண்டுக்குப் போனதும், அவர் தம்பி பாலறாவாயருக்கு அரசன் தொண்டைமான் பட்டம் கொடுத்துத் தொண்டை நாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னானாம். தம்பி கெட்டிக்காரராகவே இருந்திருக்கலாம். ஆனால் கெட்டிக்காரத் தம்பிகள் இருந்த எத்தனை வீட்டில் அண்ணன் அமைச்சர் இல்லையோ!

வள்ளுவரே இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் பேசுகிறார் என்பது என் அபிப்பிராயம். தெரிந்து தெளிதல் என்ற 51ஆம் அதிகாரத்தில், அறிவில்லாதவனை அன்பு காரணமாக நம்பி வைத்தால் மடமைதான் மிஞ்சும் என்கிறார். அதே அதிகாரத்தில் அதற்கு முந்தின குறளில், சுற்றம் இல்லாதவனை நம்பாதே, அவன் பழிக்கு வெட்கப்பட மாட்டான் என்கிறார். எனக்கு இது கொஞ்சம் சுருக்கென்றது. தமிழ் ஐயாவிடம் கேட்டேன். "அப்பா அம்மா இருக்காங்கல்ல உனக்கு, அதுவே சுற்றம்தான்டா" என்று சிரித்தார்.

கம்பெனி காலத்து சிபாரிசு

கிழக்கிந்திய கம்பெனி காலத்தில் இங்கே கலெக்டராக வர வேண்டும் என்றால் லண்டனில் ஒரு டைரக்டரைத் தெரிந்திருக்க வேண்டும். அவர்தான் பேர் கொடுப்பார். தன் பிள்ளை, தம்பி பிள்ளை, கடன் கொடுத்தவன் பிள்ளை, யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம். 1853ஆம் வருஷ சாசனச் சட்டம் இதை நிறுத்தியது. 1855ல் லண்டனில் முதல் போட்டிப் பரீட்சை. அதற்கு விதிமுறை போட்ட கமிட்டிக்குத் தலைவர் மெக்காலே. அதே சமயம் இங்கிலாந்து அரசாங்க ஆபீஸ்களிலும் சிபாரிசை ஒழித்துப் பரீட்சை வைக்கணும் என்று 1854ல் ரிப்போர்ட் கொடுத்தவர்களில் ஒருவர் சார்லஸ் ட்ரெவிலியன். இவர் 1859ல் நம்ம மெட்ராஸுக்கே கவர்னராக வந்தார். ஒரு வேடிக்கை என்னவென்றால், ட்ரெவிலியன் கட்டினது மெக்காலேயின் தங்கையை. சிபாரிசை ஒழிக்கக் கிளம்பிய இருவரும் மச்சான் உறவு!

பரீட்சை வந்துவிட்டது, சரி. ஆனால் எழுத லண்டனுக்குக் கப்பல் ஏற வேண்டும். இந்தியாவிலேயே எழுதலாம் என்று ஆனது 1922ல்தான்.

கலெக்டருக்குக் கீழே தாசில்தார், சிரஸ்தார், குமாஸ்தா வேலைக்கெல்லாம் பரீட்சை இல்லை. மெட்ராஸ் மாகாணத்தில் அப்போது இருந்த குண்டூர் ஜில்லாவில் சில குடும்பங்களே கச்சேரி வேலைகளையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு, வரிப் பணம் எங்கே போகிறது என்று கலெக்டருக்கே தெரியாத நிலைமை வந்தது. 1840களில் வால்டர் எலியட் என்ற அதிகாரி போய் விசாரித்தார். ஃப்ரைக்கன்பர்க் என்ற சரித்திர ஆசிரியர் 1965ல் இதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். 1854ல் ரெவின்யூ போர்டு ஒரு நிலை ஆணை போட்டது. ஜில்லாவில் உள்ள வேலைகளைச் செல்வாக்குள்ள சில குடும்பங்களே பிடித்துக்கொள்ளாமல் கலெக்டர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கிய வேலைகளைப் பல ஜாதியாருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆணை என்னவோ நல்ல ஆணைதான். ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டிய கலெக்டர் பக்கத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்பதே அந்தக் குடும்பத்து ஆள் என்றால் என்ன ஆகும்? 1921ல் வகுப்புவாரி அரசாணை, 1924ல் ஸ்டாஃப் செலக்‌ஷன் போர்டு, 1929ல் மெட்ராஸ் சர்வீஸ் கமிஷன் என்று படிப்படியாக வந்த பிறகுதான் கொஞ்சம் கதவு திறந்தது. இந்தியாவில் ஒரு மாகாணத்தில் இப்படி ஒரு கமிஷன் வந்தது அதுதான் முதல் தடவை. அதுதான் 1970ல் டி.என்.பி.எஸ்.சி. ஆனது.

இப்போது எப்படி?

இப்போது வேலையில் சேருவது ஒரு கதவு, பதவி உயர்வு இன்னொரு கதவு, எந்த ஊரில் எந்த நாற்காலி என்பது மூன்றாவது கதவு. பஸ் ஸ்டாப்பில் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதல் கதவில் பரீட்சை இருக்கிறது. அங்கே தப்பு நடப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். நம்ம படிப்பையே பாதித்த விஷயம், பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வு: 1,058 இடத்துக்கு 2017 செப்டம்பரில் எழுதினார்கள். 196 பேருக்கு மார்க்கைக் கூட்டிப் போட்டிருந்தது தெரிந்து 2018 பிப்ரவரியில் பரீட்சையையே ரத்து செய்தார்கள். மறு பரீட்சை நடந்தது 2021 டிசம்பரில்! நேர்மையாக எழுதினவர்கள் நாலு வருஷம் காத்திருந்தார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். ஓ.எம்.ஆர். தாளில் இருந்த மார்க் வேறு, வெளியிட்ட மார்க் வேறு என்பதால்தான் பிடிபட்டது. தாள் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

இரண்டாவது கதவுக்கு வருவோம். நம்மில் ஒருவர் டிப்ளமோ வைத்து இளநிலை வரைதொழில் அலுவலராகப் பொதுப்பணித் துறையிலோ நெடுஞ்சாலைத் துறையிலோ சேருகிறார் என்று வையுங்கள். மேலே போக சீனியாரிட்டி லிஸ்ட் இருக்கிறது. வருஷா வருஷம் தகுதியானவர்கள் பட்டியல், ஆபீஸில் சொல்கிற பேனல், போடுவார்கள். லிஸ்ட்டில் மேலே இருப்பவரைச் சும்மா தாண்ட முடியாது. தாண்ட வேண்டும் என்றால் அவர் பேரில் ஏதாவது இருக்க வேண்டும். அதற்குத்தான் ஆபீஸ்களில் '17 பி' என்கிறார்கள். ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)வின் கீழ் ஒரு குற்றச்சாட்டு மெமோ வந்துவிட்டால், அது முடியும் வரை பதவி உயர்வு நின்றுவிடும். மெமோ நியாயமாக இருந்தால் சரி. நியாயமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைச் சீக்கிரம் முடிப்பதா, இழுப்பதா என்பது ஒருவர் மேஜையில் இருக்கிறது. மேலே ஆள் இருப்பவருடைய ஃபைல் நடக்கும். இல்லாதவருடையது தூங்கும்.

இன்னொன்று ரகசியக் குறிப்பு. மேலதிகாரி வருஷா வருஷம் கீழே இருப்பவரைப் பற்றி எழுதுவது. இதில் தேவ் தத் என்பவருடைய வழக்கை ஒவ்வொரு டிப்ளமோ மாணவரும் தெரிந்துகொள்ளணும், ஏனென்றால் அவர் நம்ம தொழில், ரோடு போடுகிற இன்ஜினீயர். எல்லைப்புற ரோடுகள் போடுகிற பார்டர் ரோட்ஸ் சர்வீஸில் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினீயர். சூப்பரின்டெண்டிங் இன்ஜினீயராக உயர ஐந்து வருஷக் குறிப்பிலும் 'மிக நன்று' இருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு ஒரே ஒரு வருஷம், 1993-94ல், 'நன்று' என்று எழுதிவிட்டார்கள். 'நன்று' என்பது திட்டு இல்லையே! அதனால் அவருக்குத் தெரிவிக்கவும் இல்லை. அந்த ஒரு வார்த்தையால் பதவி உயர்வு போயிற்று. ஏன் போயிற்று என்றே அவருக்குத் தெரியாது. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. கெட்ட குறிப்போ நல்ல குறிப்போ, எழுதினது எதுவாக இருந்தாலும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அவர் ஆட்சேபம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அப்போது தேவ் தத் ரிட்டயர் ஆகியிருந்தார்.

இதில் எனக்குப் புரிந்தது இதுதான். 'ஆள்' உட்கார்ந்திருப்பது விதிக்குள்ளே இல்லை. காரணம் சொல்லாமல் ஒருவர் முடிவெடுக்கக்கூடிய இடம் எதுவோ, அங்கேதான் அவர் நாற்காலி. எழுதிக் காட்டு என்றால் பாதி ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள்.

மூன்றாவது கதவுதான் பெரிய வாசல். சம்பளமும் பதவியும் ஒன்றுதான், ஆனால் ஒரு நாற்காலி வீட்டுக்குப் பக்கத்தில், இன்னொன்று முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. ஒன்றில் கோடிக்கணக்கில் டெண்டர், இன்னொன்றில் தூசி. ராபர்ட் வேட் என்ற ஆராய்ச்சியாளர் தென்னிந்தியாவில் ஒரு மாநிலத்தின் பாசனத் துறையை ஆராய்ந்து 1982லும் 1985லும் எழுதினார். நல்ல போஸ்டிங்குக்கு இன்ஜினீயர்கள் பணம் கொடுக்கிறார்கள், அதைக் கான்ட்ராக்டரிடமும் விவசாயியிடமும் திரும்ப எடுக்கிறார்கள், கடைசியில் வாய்க்கால் பராமரிப்பு படுத்துவிடுகிறது என்று அக்குவேறு ஆணிவேறாகக் காட்டினார். தொழில் தெரிந்த இன்ஜினீயரும் அந்த வலையில் மாட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மாற்றல்.

மாற்றல் என்பது தண்டனை லிஸ்ட்டிலேயே கிடையாது. ஆனால் அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. ஹரியானாவில் அசோக் கெம்கா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி 2025 ஏப்ரலில் ரிட்டயர் ஆவதற்குள் 57 தடவை மாற்றப்பட்டார். லட்சுமி ஐயர், ஆனந்தி மணி என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் மாற்றல் கணக்கை எடுத்து 2012ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முக்கியப் பதவிக்கு இரண்டு வழி இருக்கிறது என்கிறார்கள். ஒன்று, திறமையை வளர்த்துக்கொண்டு போவது. இன்னொன்று, ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போடுகிற ஜாதியில் பிறந்திருப்பது. திறமைசாலிகளுக்கு அரசியல் மாற்றல் குறைவு என்றும் கணக்கு சொல்கிறது. இந்தக் கடைசி வரியை நான் ரெண்டு தடவை படித்தேன்.

வெளிநாட்டில்

சீனாவைப் பார்ப்போம். ஆயிரம் வருஷத்துக்கு மேல், 1905 வரைக்கும், பரீட்சை வைத்து அதிகாரிகளை எடுத்த நாடு. அங்கே தெரிந்தவர் தொடர்புக்கு 'குவான்ஷி' என்று தனி வார்த்தையே இருக்கிறது. இப்போது அங்கே பெரிய அதிகாரியின் பதவி உயர்வைக் கட்சியின் அமைப்புத் துறை முடிவு செய்கிறது. தன் மாகாணத்தில் தொழில் வளர்ச்சி காட்டினவர்தான் மேலே போகிறார் என்று 2005ல் ஒரு ஆராய்ச்சி சொன்னது. இல்லை, கோஷ்டித் தொடர்புதான் பெரிது என்று 2012ல் இன்னொன்று சொன்னது. 2015ல் வந்த மூன்றாவது ஆராய்ச்சிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மேலே இருக்கும் தலைவர்களோடு முன்பு ஒன்றாக வேலை பார்த்தவர்கள் தனியாகவும் மற்றவர்கள் தனியாகவும் பிரித்துப் பார்த்தார்கள். தொடர்பு உள்ளவர் நல்ல வளர்ச்சி காட்டினால் பதவி உயர்வு. தொடர்பு இல்லாதவர் அதே வளர்ச்சி காட்டினாலும் அந்த அளவுக்குப் பலன் இல்லை. அதாவது ஆள் மட்டும் போதாது, வேலையும் தெரியணும். வேலை மட்டும் தெரிந்தவன் கதிதான் பரிதாபம்.

இதனால் ஊருக்கு என்ன நஷ்டம்? இதற்கு நல்ல கணக்கு பிரிட்டிஷ் காலனிகளில் கிடைக்கிறது. இந்தியா அதில் சேராது, நமக்குத் தனி இலாகா. இலங்கை மாதிரி காலனி இலாகாவின் கீழ் இருந்தவை. 1930 வரை அங்கே யார் எந்தக் காலனிக்குக் கவர்னர் என்பது லண்டனில் இருக்கும் மந்திரியின் இஷ்டம். குவோ ஷூ என்பவர் 1854 முதல் 1966 வரை கணக்கெடுத்து 2018ல் வெளியிட்டார். மந்திரிக்குச் சொந்தமோ ஒரே பள்ளியில் படித்தவரோ ஆன கவர்னருக்கு அதிகச் சம்பளம் உள்ள காலனி கிடைத்தது. போன இடத்தில் அவர் வரிச்சலுகைகளை அதிகம் கொடுத்தார், குறைவாக வசூலித்தார், குறைவாகவே செலவு செய்து கட்டினார். 1930ல் நியமன முறையை மாற்றினதும் இந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. மேஸ்திரி மச்சான் கட்டின சுவரை அளந்து பார்த்த மாதிரி இருக்கிறது இந்தக் கணக்கு.

நம்ம நாட்டிலும் அளக்கச் சொல்லி ஒரு தீர்ப்பு வந்தது. முன்னாள் கேபினட் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்ரமணியன், ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரோடு சேர்ந்து போட்ட வழக்கில் 2013 அக்டோபர் 31ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: அதிகாரிகளுக்கு ஒரு நாற்காலியில் குறைந்தபட்ச காலம் வேண்டும், மாற்றலைப் பரிந்துரைக்க சிவில் சர்வீசஸ் போர்டு வேண்டும், வாய்மொழி உத்தரவு வந்தால் அதை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் கெம்கா மாற்றலில்தான் இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தமிழ்நாட்டில் பள்ளி ஆசிரியர்களுக்குக் கலந்தாய்வு வைத்து, காலி இடங்களைத் திரையில் காட்டி, சீனியாரிட்டிப்படி மாற்றல் கொடுக்கிறார்கள். எல்லா இடமும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறபோது சிபாரிசுக் கடிதத்துக்கு இடம் குறைந்துதான் போகிறது.

நமக்கு இல்லாத 'ஆள்'

இவ்வளவு படித்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கிற பெரிய 'ஆள்' மந்திரியோ செக்ரட்டரியோ இல்லை. சாப்பிடும்போது அப்பா சொல்கிற சங்கதிகள். எந்தப் பரீட்சை எப்போது வரும், எந்தச் சான்றிதழை இப்போதே வாங்கி வைக்கணும், ஆட்சேபம் எழுதினால் நகல் வைத்துக்கொள்ளணும், கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்கணும். இதெல்லாம் அந்த வீட்டில் சோற்றோடு சேர்ந்து உள்ளே போகிறது. நம்ம வீட்டில் யார் சொல்வார்கள்? எங்கள் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் எல்லாத் தகுதியும் இருந்தும், சான்றிதழ் ஒன்று இல்லாமல் ஒரு வருஷம் கோட்டைவிட்டார். ஆபீஸில் கேட்டால் "அறிவிப்புலயே போட்டிருந்ததே" என்றார்களாம். உண்மைதான், போட்டிருந்தது. அதைப் படிக்கச் சொல்ல ஆள் இல்லை.

உதாரணத்துக்குத் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2010ஆம் வருஷச் சட்டப்படி அரசு நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கடைசிப் படிப்பு மட்டும் தமிழில் இருந்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று காட்டணும். நம்ம வகுப்பில் இதை எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். நாற்பத்தெட்டு பேரில் ஆறு பேர். ஆறில் நாலு பேர் வீட்டில் யாராவது அரசு வேலையில் இருக்கிறார்கள்.

மாணவர் சங்கச் செயலாளரிடம் பேசிவிட்டேன். சங்க அறை வாசலில் கேரம் போட்டி நோட்டீஸ் ஒட்டுகிற பலகையில் பாதியை இதற்கு ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். டி.என்.பி.எஸ்.சி. வருஷாந்திர அட்டவணை, ரயில்வே ஜூனியர் இன்ஜினீயர் அறிவிப்பு, ஆவடி தொழிற்சாலைகளின் அப்ரண்டிஸ் அறிவிப்பு, எது வந்தாலும் பிரிண்ட் எடுத்து அங்கே ஒட்டலாம். எந்தச் சான்றிதழ், எந்த ஆபீஸ், எத்தனை நாள் ஆகும் என்று கீழே கையால் எழுதிவிடுங்கள். தமிழ்வழிச் சான்று வாங்க வேண்டியவர்கள் ஏப்ரல் முடிவதற்குள் பழைய ஸ்கூலுக்குப் போய்விடுங்கள். மே மாதம் ஹெட்மாஸ்டர் கையெழுத்துக்கு அலையணும்.